முக்கால் வட்டி

நவம்பர் 6, வியாழன்

காலையிலிருந்தே மூட்டம். அம்மாவின் பீடி இலை காயவில்லை.

தரகர் அண்ணாச்சி வந்தார். பாளையங்கோட்டையில் பழைய வீடு, மேலும் கீழுமாக இரண்டு போர்ஷன். இரண்டுக்கும் சேர்த்து மாத வாடகை பதிமூன்றாயிரமாம். ராதாபுரத்து நிலம் விற்ற பணம் போகப் பத்து லட்சம் கடன் வேண்டும். வாடகையிலேயே தவணை கட்டிவிடலாம் என்பது அப்பாவின் திட்டம். சம்பளச் சீட்டு என்னுடையது. ஆகவே கையெழுத்தும்.

தரகர் சொன்னார்: "பேங்க்ல வருசத்துக்கு ஒம்போது. நம்ம பைனான்ஸ்ல முக்கால் வட்டி. நூத்துக்கு மாசம் முக்கா ரூவா. பெருக்கிப் பாரும் வே, அதே ஒம்போதுதான்! பேங்க்னா நாயா அலையணும். இங்கன சனிக்கிழமை கையெழுத்து, திங்கக்கிழமை பணம்."

அப்பா தொடையில் தட்டினார். "அப்பம் முடிச்சிருவோம்."

அம்மா மடியிலிருந்த பீடித் தட்டைப் பார்த்தாள். "கடன் அடைஞ்சா இந்தச் சனியன எறக்கி வச்சிருவேன்."

ஏதோ இடித்தது. கேட்கவில்லை. டம்ளர் கழுவப் போய்விட்டேன்.

நவ. 7, வெள்ளி

மதியம் தரகர் என் போனுக்குத் தவணைத் தாள் அனுப்பினார். பத்து வருடம், மாதம் 15,833. வாடகையைவிட அதிகம்.

பர்மிஷன் போட்டு வங்கிக்குப் போய்த் தாளைக் காட்டினேன். கவுன்டர் அக்கா தட்டிப் பார்த்துச் சொன்னது: 12,668. அதே ஒன்பது, அதே பத்து வருடம்.

"நாங்க மிச்ச அசலுக்குத்தாம்மா வட்டி போடுதோம். அவங்க முழு அசலுக்கும் கடைசி மாசம் வர போடுதாங்க. ஆனா ஒண்ணு, எங்க வட்டி ஏறும், எறங்கும். இப்பமே சொல்லிருதேன்."

வங்கி என்றால் வாடகையில் முந்நூறு சொச்சம் மிஞ்சும். பைனான்ஸ் என்றால் மாதம் மூவாயிரம் பக்கம் என் கையை விட்டு. போர்ஷன் காலியாகக் கிடந்தால்?

வீட்டில் அப்பா, அம்மாவிடம் பெயின்ட் நிறம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா."

"என்னட்டி?"

"ஒண்ணுமில்லப்பா."

நவ. 8, சனி

மழை. பைனான்ஸ் ஆபீஸ். ஏசி குளிர். அப்பா கல்யாண வீட்டுச் சட்டையில்.

"இங்கன போடும்மா." தரகர் பேனாவை நீட்டினார்.

"வட்டி முழு அசலுக்கா, மிச்சத்துக்கா?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்னட்டி கேக்க?" என்றார் அப்பா. மறுபடி சொன்னேன்; பேங்கில் மிச்சத்துக்குத்தான் என்பதையும்.

தரகர் சிரித்தார். "படிச்ச பிள்ளைல்லா! முழுசுக்கும்தான். தவணைத் தாள ஒனக்கு அனுப்புனேன்லா. முக்கால் வட்டின்னா அதானம்மா. ஊருக்கே தெரியும்."

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி."

"இதே வீட்டக் கேட்டு ஒரு கேரளாக்காரன் திங்கக்கிழமை வாரான். வீடு போயிரும் வே."

அப்பா என் கையிலிருந்து பேனாவை வாங்கி, மூடி போட்டு, மேஜையில் வைத்தார். "போனா போட்டும்."

திரும்பும்போது வண்ணார்பேட்டை சிக்னலில் வண்டி நின்றது. வண்டி ஓட்டிய அப்பா திரும்பாமலே கேட்டார்: "அந்தத் தாளு நேத்தே வந்துட்டா?"

"ஆமாப்பா."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்.

"திங்கக்கிழமை பேங்க்ல நீதான் பேசணும். நான் வெளிய நிக்கேன்."

வீட்டில் அம்மா தட்டை மடியிலிருந்து எடுக்காமலே நிமிர்ந்தாள். "கையெழுத்து ஆயிட்டா?"

அப்பா என்னைப் பார்த்தார். "நீயே சொல்லுட்டி."