குதிகாலில் ஒரு மஞ்சள் வரி

அன்புள்ள அம்மாவுக்கு,

சலாம். மூட்டுவலி குறைந்ததா? மாஸ்கோவில் நான் சுகமே. கட்டட வேலைதான், சாப்பாட்டுக்குக் குறையில்லை.

போன வாரம் ஒரு சின்ன விஷயம். நம் ஊர்ப் பக்கத்து மலையில் கிளர்ச்சிக்காரர்களின் தளபதியைச் சுட்டுவிட்டதாக விடுதி டிவியில் காட்டினார்கள். முகம் சிதைந்ததால் யார், எந்த ஊர்க்காரன் என்றே தெரியவில்லையாம். பூட்ஸைக் கழற்றியிருந்தார்கள். பக்கத்துக் கட்டில்காரன் சங்கின், "டேய், காலுறையைப் பாரு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி!" என்றான். "எங்க பக்கம் எல்லாரும் இதைத்தான் போடுவாங்க" என்று நானும் சிரித்து வைத்தேன்.

எல்லாரும் போடுவதில்லை, அம்மா. ஆட்டுக்கொம்புப் பின்னலுக்குக் கீழே, குதிகாலில் ஒற்றை மஞ்சள் வரி வைப்பது நம் பள்ளத்தாக்கிலேயே நீங்கள் ஒருவர்தான்.

வாலிபாலில் தோற்றாலே வீட்டுக்கு வராத ஆள் மலிக்ஷோ அண்ணன். அப்பாவைச் சுட்டவர்களோடு சமாதானமா என்று துப்பாக்கி எடுத்துப் போய் ஒன்பது வருஷம். உங்கள் காலுறை மட்டும் எப்படியோ அவனுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

செத்தவன் யார் என்று கண்டுபிடிக்க, அந்தக் காலுறையோடு யாராவது வந்து, "என்ன அழகு! யார் கைவேலை?" என்று கேட்பார்கள். பெருமையில் "என்னுடையது" என்று சொல்லிவிடாதீர்கள். விசாரணை என்று தங்கச்சியைக் கூட்டிப் போய்விடுவார்கள். நம் வழக்கப்படி துக்கத்துக்கு நீலம் உடுத்தாதீர்கள். மஞ்சள் நூலையும் இந்தக் கடிதத்தையும் அடுப்பில் போடுங்கள். எனக்கு நீங்கள் பின்னித் தந்த ஜோடியை நான் எரித்துவிட்டேன்.

கால் விறைக்கிறது, அம்மா. வெறும் கறுப்பில் ஒரு ஜோடி பின்னி அனுப்புங்கள். கடிதம் கொண்டுவரும் சபோஹத் அக்கா வாசலில் அவசரப்படுத்துகிறாள்.

பின்னும்போது அழுதுகொள்ளுங்கள். கறுப்பு நூல் கண்ணை உறுத்துகிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.

உங்கள் யோத்கோர்