ஒன்பது ஓட்டை பெல்ட்

மாலுங், ஸ்வீடன்,
ஏப்ரல் 14

அன்பு மகள் உல்ரிகாவுக்கு,

அப்பா எழுதுவது. முழங்கால் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. பெர்த் நகரத்து வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் வாடாமல் இருக்க வேண்டும். இங்கே கூரைப் பனி ஒருவழியாக இறங்கிவிட்டது, பக்கத்து வீட்டு ஸ்டீனா தினமும் எட்டிப் பார்த்து நான் சாப்பிட்டேனா என்று வேவு பார்க்கிறாள். செவ்வாய்க்கிழமைகளில் இளைஞர் மன்றத்தில் பிள்ளைகளுக்குத் தோல் வேலை சொல்லிக் கொடுப்பதை விடவில்லை. பன்னிரண்டு வாண்டுகள், காது கிழிகிறது, ‘யோரன், உங்க வெரலையும் சேத்துத் தைச்சிரப் போறீங்க’ என்று என்னையே கிண்டல் செய்கிறார்கள். தொலைபேசியில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது, அதனால்தான் கடிதம்.

மன்றத்தில் தீல்டா என்று பதினோரு வயதுப் பெண், அதிகம் பேசாது, கைவேலை சுத்தமாயிருக்கும். பிப்ரவரியில் அவள் அப்பாவுக்கு ஒரு பெல்ட் செய்தாள். பெல்ட்டுக்கு ஐந்து ஓட்டை என்பது என் சட்டம், உனக்குத் தெரியும், நடு ஓட்டை இன்றைய இடுப்புக்கு, அந்தப் பக்கம் இரண்டு, இந்தப் பக்கம் இரண்டு. இவள் பக்கிள் பக்கமாக வரிசையாக ஒன்பது போட்டு வைத்திருந்தாள். ‘என்னம்மா இது, சல்லடையா? உங்கப்பா என்ன எலியா?’ என்று எல்லார் முன்னாலும் கேட்டேன், பிள்ளைகள் சிரித்தார்கள். அதைக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டு வேறு வார் வெட்டிக் கொடுத்து, பக்கத்திலேயே நின்று ஐந்து ஓட்டை போட வைத்தேன். எதற்கு ஒன்பது என்று நான் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து மன்றத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹென்ரிக் என்னைத் தனியே கூப்பிட்டு, ‘அந்தப் புள்ளையோட அப்பாவுக்கு வயித்துல புற்று, வாரத்துக்கு வாரம் எளைச்சுக்கிட்டே போறாரு, உங்களுக்குத் தெரியாதா?’ என்றான். அந்த ஐந்து ஓட்டை பெல்ட்டைக் கடைசி ஓட்டையில் மாட்டியும் நிற்காமல், அந்த மனிதர் கால்சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி நடையில் நடந்தாராம். அடுத்த செவ்வாயன்று அவளே வந்து, ‘அந்தப் பழைய வார் இருக்கா?’ என்று கேட்டாள். பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன், சின்னப் பிள்ளைகள் அதைத் துண்டு போட்டுச் சாவிக்கொத்து செய்திருந்தார்கள். இருப்பதிலேயே நல்ல தோலில் புதிதாக வெட்டினேன், ஒன்பதையும் அவள் தானே போட்டாள், நான் வாரைப் பிடித்துக்கொண்டேன்.

போன வியாழன் அவர் போய்விட்டார். நேற்று தீல்டா மன்றத்துக்கு வந்தாள், வராவிட்டால் நன்றாயிருக்கும் என்று நினைத்த எனக்கு வெட்கமாயிருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, ‘ரெண்டு ஓட்டை மிச்சமாயிருச்சு’ என்றாள். நான் எழுந்து பின்கட்டுக்குப் போய் அழுதேன், மகளே, அவளுக்காக மட்டும் இல்லை.

உன் அம்மாவின் பழுப்பு பெல்ட்டில் நானே மூன்று முறை ஓட்டை போட்டேன். முதல் ஓட்டை ஆகஸ்டில். அம்மா பிழைக்கமாட்டாள் என்று உங்களுக்கு எப்போது தெரியும் என்று அடக்கத்தன்று நீ கேட்டாய், அக்டோபர் கடைசியில் என்றேன், பொய். நாற்பது வருடம் தோலை அளந்தவனுக்கு இடுப்பு ஒரு விரல் சுருங்கினால் தெரியாதா? செப்டம்பரில் புறப்பட்டு வரட்டுமா என்று நீ கேட்டபோது, அம்மா வேண்டாம் என்கிறாள், கிறிஸ்துமஸுக்கு வந்தால் போதும் என்கிறாள் என்று சொன்னேன். அவள் அப்படிச் சொல்லவே இல்லை. என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, ‘அவள வரச் சொல்லுங்க’ என்றாள், இரண்டு தடவை சொன்னாள். உன்னைக் கூப்பிட்டுவிட்டால் நடக்கப்போவது நிஜமாகிவிடும் என்று பயந்தேன். நவம்பரில் நிஜமாகத்தான் ஆயிற்று, நீ வந்தபோது சவப்பெட்டியை மூடியிருந்தார்கள்.

குழந்தையைத் தொப்பி போடாமல் வெளியே விடாதே. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், அதைத் தவிர எனக்குக் கேட்க எதுவும் இல்லை. பதில் எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம். உன்னை வேண்டாம் என்று சொன்னாள் என இரண்டு வருடமாக அம்மா மேல் வைத்திருக்கிறாயே ஒரு வருத்தம், அதை மட்டும் அவளிடமிருந்து எடுத்து என் மேல் வைத்துவிடு.

உன் அப்பா,
யோரன்