மலை இழுத்த சுவர்

17 ஜூன் 2025, செவ்வாய்

சாரல் விட்டு விட்டு அடிக்கிறது. தென்காசியில் ரஹ்மத் வீட்டு மாடி அறை (தங்கச்சி என்றுதான் அவளைக் கூப்பிடுவேன்), மேற்குச் சுவர் இடுப்பளவு ஏறிவிட்டது. சுவரின் நேர் பார்க்கும் இரும்புத் தூக்குக்குண்டு காற்றுக்கு ஆடத்தான் செய்யும். வலது கையால் மேலே நூல் கட்டிய கட்டையைச் சுவரோடு பிடித்து, இடது கையைக் குண்டுக்கு அணைவாக வைத்துப் பார்ப்பேன். இந்த வித்தை வேறு எந்தக் கொத்தனாருக்கும் வராது.

ஞாயிறன்று குற்றாலத்தில் வாங்கிய காந்தக் காப்பு இடது மணிக்கட்டில் இருக்கிறது. ஏழு காந்தம். மணிக்கட்டு வலி பறந்தே போய்விட்டது. கடைக்காரன் என் கையைப் பார்த்ததுமே, "இது சிற்பி கை" என்றான். (உழைச்ச கை என்றுதான் சொன்னான். அர்த்தம் ஒன்றுதான்.)

18 ஜூன்

ஆய்க்குடியில் அய்யாக்குட்டி வீட்டுக் குளியலறைச் சுவர். ஒரே நாளில் முடித்தேன். வேடிக்கை பார்க்க ஐம்பது பேர். சரி, ஐந்து பேர்.

19 ஜூன், வியாழன்

அக்கா மகள் வேல்விழி வந்திருந்தாள். மேலகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். உலகத்தில் மொத்தமே நாலு விசைதானாம். ஈர்ப்பு விசை, மின்காந்த விசை, அப்புறம் அணுவுக்குள்ளேயே குடியிருக்கும் இரண்டு. கண்ணால் பார்க்காத அந்த இரண்டின் மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

"நாலுல ரொம்ப சோப்ளாங்கி ஈர்ப்பு விசைதான் மாமா" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷமாக அதை நம்பித்தானே குண்டு பிடிக்கிறேன்? அவள் என் காப்பின் பக்கத்தில் ஒரு குண்டூசியைக் கொண்டுவந்தாள். துள்ளி வந்து ஒட்டிக்கொண்டது.

"பாத்தியளா? கீழ இருந்து மொத்த பூமியும் இழுக்குது. உங்க காப்பு ஜெயிச்சிட்டு."

அதைச் சொன்னாள் பார், அது படித்த பிள்ளை. டீக்கடையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், பூமியை ஜெயித்தவன் நான் என்று.

23 ஜூன், திங்கள்

ரஹ்மத்தின் தம்பி சுஹைப் துபாயிலிருந்து லீவில் வந்திருக்கிறான். இன்ஜினியராம். தீப்பெட்டி மாதிரி லேசர் மிசின் ஒன்றை முக்காலியில் வைத்து அமுக்கினான். சுவரில் பச்சைக் கோடு விழுந்தது.

"அண்ணாச்சி, மேல போகப் போக சுவரு மேக்க சாயுது. உச்சில ஒரு இஞ்சு."

"ஒம் மிசினு சாஞ்சிருக்கும் தம்பி."

மிசினைத் திருப்பி வைத்தான். அதே ஒரு இஞ்ச். எனக்குப் புரிந்துவிட்டது. வேறு யாரோ கொத்தனாரைக் கொண்டுவர வழி பார்க்கிறான். இல்லையென்றால் லீவில் வந்தவன் அருவிக்குப் போகாமல் சுவரை ஏன் அளக்கிறான்?

24 ஜூன்

விடிய விடிய யோசித்தேன். சாய்ந்திருப்பது மேற்கே. மேற்கே என்ன இருக்கிறது? குற்றால மலை!

வேல்விழிக்குப் போன் போட்டேன். "ஏட்டி, மலை குண்ட இழுக்குமா?"

"இழுக்கும் மாமா. எடை உள்ளது எல்லாமே இழுக்கும். ஆனா நீங்க பிடிக்க நூல் நீளத்துக்கு ஒரு முடி கனங்கூட வெலகாது..."

'ஆனா'வுக்குப் பிறகு சிக்னல் சரியில்லை. அதற்கு முன்னால் உள்ளதை மட்டும் ரஹ்மத்திடம் சொன்னேன். மலை இழுப்பு எங்கள் தொழிலில் சகஜம், சுவருக்கு ஒன்றும் ஆகாது, விஞ்ஞானமே சொல்கிறது. சுஹைப் வாயைத் திறந்தான். ரஹ்மத் அவனை அடக்கிவிட்டாள்.

"பிள்ளைய ரெண்டும் அந்த ரூம்லதான் படுக்கும். நீங்க சொன்னா சரி அண்ணாச்சி."

திங்கட்கிழமை கூரைத் தளம் போடுகிறோம். அந்தச் சுவர்மேல்தான்.

25 ஜூன், புதன்

இன்று நல்லக்கண்ணு. இருபது வருஷமாக என்னோடு சாரத்தில் நிற்கிறவன். எனக்குக் கேட்கும்படி முணுமுணுத்தான்: "அண்ணாச்சி, நீங்க புடிச்சா குண்டு ஒண்ணு காட்டுது, நான் புடிச்சா வேற காட்டுது."

எத்தனை நாளாக இந்த எண்ணம்? சுஹைப் இவனிடம் பேசியிருக்கிறான். காலையில் இரண்டு பேரும் ஒன்றாக டீ குடித்ததைப் பார்த்தேனே!

"ஓம் கை நடுங்குதுவே. சுவரு சாஞ்சதே உன்னாலதான். நாளைக்கு வராத."

எல்லார் முன்னாலும் சொன்னேன். அவன் கொத்துக்கரண்டியைக் கழுவித் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினான். தப்பு செய்தவன்தானே பேசாமல் போவான்?

26 ஜூன்

யாரையும் நம்புவதற்கில்லை. பூமியையும்தான்.

28 ஜூன், சனி

மழை. வேலை இல்லை. மத்தியானம் வீட்டு வாசல் நிலையின் மேல்கட்டையில் ஆணி அடித்துக் குண்டைத் தொங்கவிட்டேன். கதவைச் சாத்திவிட்டேன், காற்று இல்லை. நேராக நின்றது. நல்லக்கண்ணு பொய்யன் என்று சத்தமாகவே சொன்னேன். பழக்கத்தில் இடது கையைக் கிட்டே கொண்டுபோனேன்.

குண்டு வந்தது. பசுவிடம் கன்று வருகிற மாதிரி மெதுவாக என் மணிக்கட்டைப் பார்த்து வந்தது.

கையை எடுத்தேன், போய்விட்டது. வலது கை - அசையவில்லை. காப்பைக் கழற்றிவிட்டு இடது கை - அசையவில்லை. மறுபடி காப்பைப் போட்டு... எத்தனை தடவை செய்தேனோ.

நான் உள்ளே கிழக்குப் பக்கம் நின்று கட்டினேன். காப்பு குண்டை என் பக்கம் இழுக்க, குண்டுக்கும் சுவருக்கும் இடைவெளி தெரிய, கல்லை மேற்கே தட்டியிருக்கிறேன். வரிக்கு வரி. மலையாவது மண்ணாவது! ஏலே குற்றாலிங்கம், நீதான்லே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ரஹ்மத்துக்குத் தெரியாது. சுஹைபுக்கும் தெரியாது. சொல்லாவிட்டால் திங்கட்கிழமை தளம் ஏறிவிடும், பூசினால் சாய்வும் தெரியாது. அந்த இரண்டு பிள்ளைகளும் அதன் அடியில் படுக்கும்.

29 ஜூன், ஞாயிறு

போகும் வழியில் மூன்று பொய் தயார் செய்தேன். மணல் சரியில்லை. செங்கல் சூளையில் கோளாறு. மூன்றாவது நல்லக்கண்ணு. வாசலில் நின்றதும் மூன்றும் மறந்துபோயின.

"தளம் வேண்டாம் தங்கச்சி. சுவர பிரிக்கணும். எங் கைதான் காரணம்."

குண்டையும் காப்பையும் வைத்துச் செய்து காட்டினேன். சுஹைப் சிரிப்பான் என்றுதான் நினைத்தேன். அவன் குழந்தை மாதிரி, "இங்கன குடுங்க அண்ணாச்சி, நானும் பாக்கேன்" என்று வாங்கி வாங்கி ஆட்டினான். ரஹ்மத் மட்டும் கிட்டே வரவில்லை.

"மலைன்னு சொன்னியளே அண்ணாச்சி. நான் எங்க வீட்டுக்காரவுகளுக்குப் போன்ல சொல்லிப் பெருமைப்பட்டேன்."

சுஹைப் கையிலிருந்த காப்பை வாங்கி மடியில் முடிந்துகொண்டேன்.

சாயங்காலம் நல்லக்கண்ணு வீடு. காப்பை நீட்டி விஷயத்தைச் சொன்னேன்.

"எல்லாரும் இருக்கும்போதுதானே எங் கை நடுங்குதுன்னு சொன்னிய?"

"ஆமா."

"அப்ப இதையும் எல்லாரும் இருக்கும்போது சொல்லுங்க."

30 ஜூன்

சொன்னேன். சாரத்தில் ஏறி நின்று சொன்னேன். உலகத்தில் முதன்முதலாகக் காந்தத்தால் சுவர் சாய்த்தவன் நான் என்றும் சேர்த்துச் சொன்னேன். நல்லக்கண்ணுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பையைத் திறந்து கரண்டியை எடுத்தான்.

5 ஜூலை

சுவர் மறுபடி உச்சிக்கு வந்தது. பச்சைக் கோடும் குண்டும் ஒரே இடம். மணிக்கட்டு வலிக்கிறது.

6 ஜூலை, ஞாயிறு

நானும் நல்லக்கண்ணுவும் கூப்பிடாமலே ஆய்க்குடிக்குப் போனோம், காப்பு போட்டுக்கொண்டு கட்டிய அந்தக் குளியலறைச் சுவரைப் பார்க்க. அய்யாக்குட்டி பதறினார்: "ஏன் அண்ணாச்சி, சுவரு நல்லாத்தானே நிக்கி?"

"நிக்கி. நேரா நிக்கான்னு பாக்கணும்."

நல்லக்கண்ணு குண்டைப் பிடித்தான். என் கையில் காப்பு இல்லை. இருந்தும் நான் சற்றுத் தள்ளியே நின்றுகொண்டேன்.