ராணியின் படத்துக்கு முன்னால்

மெர்செதெஸ், ஏப்ரல் 2007

அன்பு மகள் நெலிதாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் ஏதோ சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க இத்தாத்தி மாதாவை வேண்டிக்கொள்கிறேன். கோடை முடிந்து ஏப்ரல் ஆகியும் இங்கே வெயில் குறையவில்லை. இந்த வெயிலில் வளர்ந்த உன் அண்ணனைத்தான் இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால், இங்கிலாந்துக்காரனோடு சண்டை போட, மெல்லிய சட்டையோடு மால்வினாஸ் தீவுப் பனிக்கு அனுப்பினார்கள்.

உன் கடிதம் வந்தது. இங்கிலாந்துக் குடியுரிமை வாங்க ராணியின் படத்துக்கு முன்னால் நின்று அவளுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று பிரமாணம் சொல்ல வேண்டும், அம்மா வேண்டாமென்றால் விட்டுவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "நம்ம நிகனோரைக் கொன்னவங்க முன்னாடி போய் நிப்பாளா? நின்னா அவ எம்பொண்ணே இல்ல" என்றார். சொல்லிவிட்டுச் சூப்பை மிச்சம் வைக்காமல் குடித்தார். எனக்கும் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. உன் அண்ணன் போனதிலிருந்து எனக்கு எதுவும் வரவேண்டிய நேரத்தில் வருவதில்லை, மரத்துப்போய்விட்டது.

இரண்டாம் தேதி, அந்தப் போரில் செத்தவர்களின் நினைவு நாளுக்கு, வழக்கம்போல் பள்ளிக்கூடத்தில் முன்வரிசை நாற்காலியும் ஒரு கேடயமும் கொடுத்தார்கள். போன வருடத்துக் கேடயத்தின் மேல்தான் இப்போது மாத்தே தேநீர் போடும் சுடுதண்ணீர்க் கெண்டியை இறக்கி வைக்கிறேன், நல்ல கனம். சுவரில் "தாய்நாட்டுக்காக உயிர் கொடுத்தவன் சாவதில்லை" என்று புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். தலைமையாசிரியை ஒதிலியா, "இதுக்கு அர்த்தம் நீங்க சொன்னாத்தான் பிள்ளைங்களுக்குப் புரியும், வாங்கம்மா" என்று என்னை எழுப்பிவிட்டாள். நின்றேன். இரட்டைச் சடை போட்ட ஒரு சின்னப் பெண், "சாகலன்னா அவரு ஏன் இன்னும் வீட்டுக்கு வரல?" என்று கேட்டாள். ஒதிலியா அவளை அதட்டினாள். நான் அவளைப் பார்த்து, "வரலம்மா. வரவே மாட்டான். அதுக்கு அதான் அர்த்தம்" என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். நான் என்ன சொன்னேன் என்று யார் காதிலாவது விழுந்ததோ இல்லையோ. வீட்டுக்கு வந்து சிப்பா ரொட்டிக்கு மாவு பிசைந்தேன், அழுகையும் வரவில்லை.

நெலிதா, நீ போய்ப் பிரமாணம் சொல்லு. அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன், இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கப்போகிறவரே அவர்தான், பிரித்துப் படிக்காதபடி உறையை ஒட்டிக் கொடுக்கிறேன். இந்த நாட்டை நானும் நேசிக்கிறவள்தான், கொடி ஏறினால் இன்றும் எழுந்து நிற்கிறேன். ஆனால் ஒரு பிள்ளையை அதற்குக் கொடுத்தாகிவிட்டது. உன்னை யாருக்கும் கொடுக்கப்போவதில்லை, அந்த ராணிக்கும்தான். நீ வாயால் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குச் சோறு போடு, போதும்.

மாதா உங்கள் மூவரையும் காக்கட்டும். காதை மூடித் தொப்பி போட்டுக்கொள். அன்றைக்கு ஒரு போட்டோ எடுத்து மறக்காமல் அனுப்பு. ராணி தெரியாதபடி தள்ளி நின்று எடுத்துக்கொள், அண்ணன் படத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும்.

உன் அம்மா,
எவுலோகியா