ஏத்தங்காய் ஏற்றிய பொம்மை லாரி

இன்று காலை கடைக்கு வந்த ஒரு தையல் மெஷினில் எந்தப் புண்ணியவானோ விளக்கெண்ணெயை ஊற்றி வைத்திருந்தார். ஓட்டிப் பார்த்தபோது மோட்டார் சூடேறி, கருகின வாடை கிளம்பியது. "அதை நீங்க தொடாதீங்கப்பா, நான் பாத்துக்கிடுதேன்" என்று மகன் மூக்கைப் பொத்திக்கொண்டு போனான். நான் அசையவில்லை. நீர் கண்ணை மூடிப் பதினோரு மாதம் ஆகிறது வே. அந்த வாடையோடு நீரும் வந்து எதிரே உட்கார்ந்துவிட்டீர்.

உம் மைத்துனர் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த நைட்ரோ டிரக் என்கிற பொம்மை லாரியின் புகைக்கும் இதே வாடைதான். ஒரு முழ நீளம், கையில் ரிமோட், உள்ளே நிஜமாகவே உறுமும் குட்டி இன்ஜின், அதற்கென்று விளக்கெண்ணெய் கலந்த தனி எரிபொருள். பிள்ளைகளுக்கென்று வந்ததை நீர் அவர்களைத் தொடவே விடவில்லை. அதற்கு எட்டு மாதம் முன்புதான், களக்காட்டிலிருந்து ஏத்தன் வாழைத்தார் ஏற்றி வந்த உம் லாரி வாய்க்கால் வளைவில் கவிழ்ந்திருந்தது. முறிந்த கால் கூடிவிட்டது. முதலாளி கூப்பிட்டும் ஸ்டீயரிங்கைத் தொட மாட்டேன் என்றுவிட்டீர். "ஏன் கவுந்துச்சுன்னு தெரியாம எப்படி வே மறுபடி ஏறுவேன்?" என்று கேட்டீர்.

பொம்மையிடம் கேட்கலாம் என்று முடிவு செய்தவர் நீர்தான். பத்தமடைப் பக்கம் அறுவடை முடிந்து காய்ந்த வயலில், செங்கல் வைத்து அதே வளைவை அமைத்தீர். டிரக்கின் மேல்மூடியைக் கழற்றிப் பலகை கட்டி, ஏத்தங்காய்ச் சீப்பு ஒன்றை நிமிர்த்தி வைத்துச் சணலால் இறுக்கினீர். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சும்மா வண்டிய எவனும் திருப்பிருவான் வே. லோடோட திருப்பணும்" என்றீர்.

முழு வேகத்தில் விட்டீர். வளைவில் கவிழ்ந்தது.

ஸ்பிரிங்கில்தான் கோளாறு என்றீர். அதற்கப்புறம் என் சோலி. தையல் மெஷின் மெக்கானிக்கிடம் ஸ்பிரிங்குக்கும் திருப்புளிக்கும் பஞ்சமா? நான்கு ஷாக் அப்சார்பர்கள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் அளவு, உள்ளே எண்ணெய். மெஷின் எண்ணெய் ஊற்றினோம், வண்டி தவளை போலக் குதித்தது. விளக்கெண்ணெய் ஊற்றினோம், காலையில் கச்சிதமாக இருந்தது, உச்சி வெயிலில் இளகி மறுபடி துள்ளியது. கியர் ஆயிலுக்கு மாறினோம். தையல் மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தின் ஸ்பிரிங்கை வெட்டிப் பின்சக்கரத்துக்குப் போட்டோம். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான் என்பது உம் சட்டம். இரண்டை மாற்றினால் எதனால் சரியாயிற்று என்று தெரியாதாம். ஞாயிறு தவறாமல் ஒன்பது வாரம் போனோம். குதிப்பு நின்றது, ஆனால் வளைவில் கவிழ்வது நிற்கவில்லை.

கடைசி கேன் எரிபொருளும் பாதியானபோது எனக்குப் பொறுக்கவில்லை. நீர் டீ குடிக்கப் போன நேரத்தில், இன்ஜின் முழு வேகம் எடுக்காதபடி அதன் ஆக்சிலேட்டர் கம்பியில் இருந்த ஒரு வளையத்தைத் தள்ளி வைத்தேன். நீர் வந்து ஓட்டினீர். வண்டி வளைவில் அழகாகத் திரும்பியது. நான்தான் முதலில் கை தட்டினேன்.

நீர் தட்டவில்லை. "சத்தம் கொறையுதே" என்று குனிந்து பார்த்தீர். "நீரு கை வச்சீரா?"

"ஒரு தடவ திரும்பிட்டா உம்ம மனசு தேறும்னு நெனச்சேன் வே."

"எனக்குப் பாவம் பாக்கீரோ? நாளைக்கு ரோட்டுல எவன் வே வந்து ஆக்சிலேட்டரைப் பிடிச்சு வைப்பான்? கழத்தும் அதை!"

அத்தனை கோபத்தில் உம்மை நான் பார்த்ததில்லை. வெட்கத்தில் கை நடுங்கியபடியே கழற்றினேன். மறுபடி முழு வேகம், மறுபடி கவிழ்ந்தது. இந்த முறை நீர் வண்டியைத் தூக்கவில்லை. அந்தச் சீப்பையே பார்த்துக்கொண்டு நின்றீர். பிறகு சணலை அவிழ்த்து, காய்களை ஒவ்வொன்றாக ஒடித்து, பலகையில் படுக்க வைத்துக் கட்டினீர். அதே எடை, அதே வேகம். செங்கல்லை ஒட்டிப் புழுதி பறக்கத் திரும்பியது. மூன்று தடவை விட்டோம், மூன்று தடவையும் கவிழவில்லை.

வரப்பில் உட்கார்ந்துவிட்டீர். "ரெண்டு அடுக்குதான் ஏத்தணும். இன்னொரு நடை மிச்சமாகும்னு மூணாவது அடுக்கு ஏத்தச் சொன்னது நான்தான் வே. ஸ்பிரிங் மேல பழியப் போட்டுரலாம்னு பாத்தேன்" என்றீர். அழுதீர். நானும் அழுதேன்.

மறுநாளே முதலாளி வீட்டுக்குப் போய் அதை அப்படியே சொல்லிவிட்டு, லாரிச் சாவியைக் கேட்டு வாங்கினீர். அப்புறம் நீர் ஓட்டிய காலமெல்லாம் உம் லாரியில் மூன்றாவது அடுக்கு ஏற்ற எந்த வியாபாரியாலும் முடியவில்லை.

இப்போது வெட்கம் ஒன்றும் இல்லாமலே என் கை நடுங்குகிறது வே. கொஞ்ச நாளாக மகன் என் மேஜைக்கு அனுப்பும் மெஷின்களில் பழுதே இருப்பதில்லை. இன்று உம் நினைப்போடு ஒன்றை ஓட்டிக் காது கொடுத்துக் கேட்டேன். சுத்தமான சத்தம். அவனே சரிசெய்துவிட்டு, நான் துடைத்துக் கொடுப்பதற்காக அனுப்புகிறான்.

மகனைக் கூப்பிட்டேன். "எனக்குப் பாவம் பாக்கியாலே? அந்த விளக்கெண்ணெய் மெஷினை இங்கன கொண்டாந்து வை."

தயங்கித் தயங்கிக் கொண்டுவந்து வைத்தான். முதல் திருகில் திருப்புளி மூன்று தடவை வழுக்கியது. நான்காவது தடவை கழன்றது.