ஆறாம் வீட்டுச் சுவர்

இரவு நாள் 8. மணி 22:40. சுவர் 31 டிகிரி.

இதை எடுப்பவர் யாராக இருந்தாலும், என் பெயர் ரூபி. எட்டாம் வகுப்பு. நிலாவில் பனிச்சுரங்கக் குடியிருப்பு, ஆறாம் வீடு. இங்கே ஓர் இரவு என்பது பதினான்கு நாள். இன்று எட்டாவது நாள். குடியிருப்பின் லைன்மேன் என் அப்பா தவசிக்கனி.

லீலாவதி டீச்சர் பூமியிலிருந்து ரேடியோவில் பாடம் நடத்துகிறார். ஏதாவது ஒரு பொருளின் வெப்பநிலையைத் தினமும் அளந்து எழுதச் சொன்னார். நான் என் படுக்கைச் சுவரை எடுத்துக்கொண்டேன். காரணம் சோம்பல்தான். எழுந்திருக்காமலே அளக்கலாம்.

விளக்கணைத்த பின் யார் வீட்டிலும் வெளிச்சம் கூடாது என்பது அப்பா போட்ட விதி. அதனால் போர்வைக்குள் எழுதுகிறேன். பள்ளிப் பெட்டியிலிருந்து இரண்டு செல், ஒரு குட்டி பல்பு, ஒரு முழம் நிக்ரோம் கம்பி. கவ்வியைக் கம்பியின் கடைசிக்கு நகர்த்தினால் தடை கூடும், பல்பு மங்கும், செல் அதிக நாள் வரும். பாதிக் கம்பியில் வைத்தால் எழுத்து தெரியும், போர்வைக்கு வெளியே தெரியாது.

விளக்கணைக்கும் முன் பத்து வீடும் பேச்சுப்பெட்டியில் வரிசையாகக் குரல் கொடுக்க வேண்டும். இராக்கணக்கு என்போம்.

"ஒண்ணாம் வீடு, சுடலைமணி. உசுரோட இருக்கோம்."

"ரெண்டு, இருக்கோம்."

"மூணு. அண்ணாச்சி, உங்க பக்கம் இருந்து கருவாட்டு வாசம் வருது. நிலாவுல ஏது கருவாடு?"

"அது என் காலுறை வாசம்லே. போயித் தூங்கு."

பத்தாவது வீடு பெனிட்டா சித்தி. பதிலுக்கு அவள் பொத்தானை அழுத்திப் பாப்பா அழுவதைக் கேட்க வைத்தாள். எல்லா வீட்டிலும் சிரிப்பு. பாப்பா இந்த இரவு தொடங்குவதற்குச் சற்று முன் பிறந்தவள். விடிந்த பிறகுதான் பெயர் வைப்பார்கள்.

சுவர் இதமாக இருக்கிறது. குடியிருப்பிலேயே சூடான சுவர் எனக்குத்தான். முதுகை ஒட்டிக்கொண்டு தூங்கப்போகிறேன்.

இரவு நாள் 9. மணி 23:05. சுவர் 37.

ஆறு டிகிரி கூடியிருக்கிறது. வெப்பமானியை உதறிவிட்டு மறுபடி வைத்தேன். அதேதான்.

எங்கள் லைனை வரைந்து பார்த்தேன். பேட்டரி அறையிலிருந்து ஒரே கேபிள். எல்லா வீட்டுக்கும் பின்சுவருக்குள் ஓடுகிறது. வீட்டுக்கு ஒரு சூட்டுச்சுருள், எல்லாம் பக்க இணைப்பு. என் படுக்கைக்குப் பின்னால் ஓடுவது ஏழு முதல் பத்து வரை நாலு வீட்டுக்கான கரண்ட். எங்கள் வீட்டுக்கும் ஏழாம் வீட்டுக்கும் நடுவே நடைபாதையில் புகைக்கதவு. புகை பட்டால் தானே மூடும். அதைத் திறக்கும் மோட்டாருக்கு ஏழாம் வீட்டிலிருந்துதான் கரண்ட். பேச்சுப்பெட்டிக்கும் அந்தந்த வீட்டுக் கரண்ட்தான்.

கேபிளின் கடைசியில் இருப்பவர்களுக்கு வோல்ட் குறைவாகவே போய்ச் சேரும். வழியிலேயே கம்பியின் தடை கொஞ்சம் தின்றுவிடும். பத்தாம் வீட்டுச் சுருள் சிவக்கவே சிவக்காது.

இன்று பேச்சுப்பெட்டியில் பெனிட்டா சித்தி: "எங்க சுருள் மேல கைய வச்சா சுருளுக்குத்தான் குளிருது."

நாலாம் வீட்டுப் பேச்சி மதினி: "இன்னொண்ணு சுத்திப் போடுட்டி. ஊருல யாரு போடல?"

"யாரு போட்டா? பேரைச் சொல்லு."

"நான் சும்மா சொன்னேன். எங்க வீட்டுல ஒண்ணுதாம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

ஒரு சுருளுக்குப் பத்து ஆம்பியர். நாலு வீட்டுக்கு நாற்பது. ஆளுக்கு ஒரு கள்ளச்சுருள் போட்டால் எண்பது. பக்க இணைப்பில் சுருள் கூடக்கூட மொத்தத் தடை குறையும், ஓட்டம் ஏறும். ஓட்டம் இரண்டு மடங்கானால் கம்பியில் சூடு நாலு மடங்கு. பாடத்தில் இதற்கு எனக்கு முழு மதிப்பெண்.

இரவு நாள் 10. மணி 22:50. சுவர் 44.

பயமாக இருக்கிறது. காரணத்தை எழுதிவிடுகிறேன்.

இவ்வளவு கரண்ட் இழுத்தால் பியூஸ் எப்போதோ போயிருக்க வேண்டும். ஏன் போகவில்லை? மாலையில் அப்பா பியூஸ் பெட்டியைத் திறந்தபோது பின்னால் நின்று பார்த்தேன். மெல்லிய பியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் தடித்த செம்புக்கம்பி. மூன்று இழை சேர்த்து முறுக்கியிருந்தது. அது எதற்கும் உருகாது.

அப்பா என்னைப் பார்த்துவிட்டார். பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

போன பதினான்கு நாள் இரவில் பியூஸ் போனது எனக்கு நினைவிருக்கிறது. அப்பா இருட்டில் ஒவ்வொரு வீடாகப் பழுதைத் தேடிக்கொண்டிருந்தார். லைன் திரும்பி வருவதற்குள் ஒன்பதாம் வீட்டு வியாகப்பன் மாமா போர்வைக்குள்ளேயே விறைத்துவிட்டார். அதன் பிறகு கொஞ்ச நாள் அப்பாவோடு யாரும் சரியாகப் பேசவில்லை.

டீச்சரிடம் கேட்கலாம். ஆனால் அப்பா பெயர் வரக்கூடாது. வீட்டுக்கணக்கு மாதிரி எழுதி அனுப்பிவிட்டேன். பத்து வீடு, இருபது சுருள், ஒரு கேபிள், நடுவில் கேபிளைச் சேர்க்கும் ஓர் ஒட்டு. கம்பி எவ்வளவு சூடாகும், என்ன ஆகும் என்று கேட்டு, விடையையும் நானே எழுதினேன். விடை: கம்பியின் உறை உருகும், பிறகு ஒட்டு எரிந்து அறுபடும்.

இரவு நாள் 11. மணி 13:20. சுவர் 49.

பகலிலேயே எழுதுகிறேன். கழிப்பறையில் இருக்கிறேன்.

டீச்சரின் பதில், கேட்டபடியே: "ரூபி கண்ணு, கணக்கு ரொம்ப அழகா போட்டிருக்கே. ஆனா நிஜத்துல இப்படி நடக்காதும்மா. அதுக்கு முன்னாடியே பியூஸ் போயிடும். படத்துல பியூஸ் வரைய மறந்துட்டியே! அரை மார்க் குறைச்சிருக்கேன். அடுத்த தடவை கவனமா இரு, சரியா?"

மூன்று முறை கேட்டேன்.

இரவு நாள் 11. மணி 22:30. சுவர் 36.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். வெப்பநிலைகளை வாசித்துக் காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"தெரியும்ட்டி. ஒட்டு உன் கட்டிலுக்குப் பின்னாலதான் இருக்கு. செவத்த ஒடைச்சாத்தான் கை போகும். ஒடைக்கணும்னா லைன அணைக்கணும். அணைச்சா இன்னொரு வியாகப்பன்."

"கம்பி போயிருமேப்பா."

"இன்னும் மூணு நாளு. விடிஞ்சிட்டா எல்லாத்தையும் அணைச்சிரலாம். மூணு நாளு தாங்கும். நீ வாயத் தொறக்காத. பயந்தாங்கன்னா ஆளுக்கு இன்னொண்ணு சுத்துவாங்க."

பிறகு பேச்சுப்பெட்டியில் கெஞ்சினார். கெஞ்சும் குரல் அவருக்கு வராது. "ரெண்டாவது சுருள் போட்டவுக யாராருந்தாலும் அணைச்சிருங்க. பேரு கேக்க மாட்டேன்."

"எங்க வீட்ல ஒண்ணுதான்."

"எங்க வீட்லயும் ஒண்ணுதான் அண்ணாச்சி."

"வேணும்னா வந்து எண்ணிப் பாரும்."

பத்து வீட்டிலும் ஒன்றுதானாம். எங்கள் வீட்டைக்கூடச் சேர்த்து. ஆனால் யாரோ அணைத்திருக்கிறார்கள். சுவர் இறங்கிவிட்டது. 36! அப்பா என் தலையில் கை வைத்தார். இன்று தூங்குவேன்.

இரவு நாள் 12. மணி 02:15. சுவர் 52.

ஒருவர் அணைத்ததும் அடுத்தவருக்கு வோல்ட் கொஞ்சம் கூடியிருக்கும். சூடு நன்றாக வந்திருக்கும். மற்றவர்கள்தான் அணைத்துவிட்டார்களே, நாம் ஒருவர் போட்டால் என்ன என்று ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

இரவு நாள் 12. மணி 21:10. சுவர் 55.

அப்பா பனிக்குழிக்கு முறைவேலைக்குப் போய்விட்டார். காலை எட்டுக்குத்தான் மேலே ஏறுவார். குழிக்குள் ரேடியோ எட்டாது.

பெனிட்டா சித்திக்குக் காய்ச்சல். அம்மா போய்ப் பாப்பாவைத் தூக்கிவந்து என் படுக்கையில், சுவரை ஒட்டிப் போட்டாள்.

"குடியிருப்புலேயே சூடான எடம் இதுதான். பிள்ள இங்கயே கெடக்கட்டும். நீ இந்தப் பக்கம் தள்ளிப் படு."

"வேண்டாம்மா. அங்க வேண்டாம்."

"ஏட்டி, பச்சப்பிள்ளைக்கு எடம் குடுக்க வலிக்கோ ஒனக்கு? இத்தன நாளு நீதான அனுபவிச்ச?"

அப்பா வாயைத் திறக்காதே என்றது நினைவிருந்தும் சொல்லிவிட்டேன். ஒட்டு, பியூஸ், எண்பது ஆம்பியர் எல்லாம் சொன்னேன். அம்மா சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"எவ்வளவு சொகமா இருக்கு. அப்பா போட்ட லைனுட்டி இது. அவருக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிட்டு?"

சித்தியைப் பார்த்துக்கொள்ளப் பத்தாம் வீட்டுக்குப் போய்விட்டாள். இரவு அங்கேயே தங்குவாளாம்.

அவள் போனதும் பாப்பாவைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டேன். அழுதாள். சூடு வேண்டுமென்று அழுகிறாள். என்ன செய்வது?

இரவு நாள் 13. மணி 01:40. சுவர் 63.

வாசம் வருகிறது. ரப்பர் கருகும் வாசம்.

பேச்சுப்பெட்டியில் ஏழு முதல் பத்து வரை ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டேன். இரண்டாவது சுருளை அணையுங்கள், ஐந்து நிமிடம் போதும் என்றேன்.

"எங்க வீட்ல ஒண்ணுதாம்மா, தூங்கு."

"ஒண்ணுதான் போட்ருக்கோம்."

பத்தாம் வீட்டில் அம்மாவே எடுத்தாள். "இன்னும் தூங்கலியா நீ? பிள்ள முழிச்சிருச்சா?" பின்னால் சித்தியின் பல் கடகடக்கும் சத்தம் கேட்டது. அங்கே இரண்டாவது சுருள் எரிகிறதா என்று கேட்டேன். அம்மா குரலைத் தாழ்த்தினாள். "இவளுக்கு ஒடம்பு அனலாக் கொதிக்குதுட்டி. ஆனா நடுங்குறா. நான் எப்படி அணைக்க?"

முதல் வீட்டைக் கூப்பிட்டேன். சுடலைமணி அண்ணாச்சி சொன்னார்: "உங்க அப்பா இல்லாம பெட்டியில கை வைக்க முடியாதுட்டி. சாவியும் அவருட்ட. பூட்ட ஒடைச்சு அணைச்சு, யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா? வியாகப்பன நெனச்சுப் பாரு. கண்ண மூடிப் படு தாயி."

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். என் போர்வை இரண்டையும் அவளுக்குச் சுற்றிவிட்டேன். பல்பு மங்குகிறது. கவ்வியைக் கம்பியின் முன்பக்கம் நகர்த்திவிட்டேன். இனிச் செல்லைச் சேமித்து என்ன செய்ய?

சுவரில் பழுப்பாக ஒரு வட்டம். என் தலையணை இருந்த உயரத்தில்.

மணி 02:25. சுவர் 71.

புகை வருகிறது. மெல்லியதுதான். புகைக்கதவு இறங்கிவிட்டது. தட்டினால் என் கைச்சத்தம் எனக்கே கேட்கவில்லை. அம்மா அந்தப் பக்கம்.

சுவருக்குள் வெடிப்பது போல ஒரு சத்தம். இன்னொன்று. பிறகு

மணி 02:35. சுவர் 58.

இறங்குகிறது.

எங்கள் வீட்டு விளக்கை நானே போட்டேன். விதியை மீறித்தான். இவ்வளவு வெளிச்சமாக அது எரிந்து நான் பார்த்ததில்லை.

பேச்சுப்பெட்டியில் ஒரே கொண்டாட்டம்.

"ஏலே, எழும்பிப் பாருங்கலே! சுருளு செக்கச்செவேர்னு எரியுது!"

"எங்க வீட்லயும்! தவசிக்கனி அண்ணாச்சி சரி பண்ணிட்டாவ போல!"

"நான் அப்பவே சொன்னேன்லா, அவரு கைகாரர்னு. ஏட்டி ரூபி, முழிச்சிருக்கியா? நீ பயந்து செத்தியே!"

ஒட்டு அறுந்துவிட்டது. நாலு வீட்டின் கரண்ட் கேபிளில் இப்போது ஓடவில்லை. அதனால் வழியில் வீணாகும் வோல்ட் குறைந்து முன்பக்கத்து ஆறு வீட்டுக்கும் முழுதாக வருகிறது. அதைத்தான் கொண்டாடுகிறார்கள். நல்ல பியூஸாக இருந்திருந்தால் எல்லோருக்கும் அணைந்திருக்கும். எல்லோரும் எழுந்து வந்திருப்பார்கள்.

பொத்தானை அழுத்திச் சொன்னேன். அழாமல்தான் சொன்னேன். பின்பக்கம் கரண்ட் இல்லை, கதவு மூடிவிட்டது, மோட்டார் ஓடாது, இராக்கணக்கு எடுங்கள்.

சத்தம் அடங்கியது.

மணி 02:50. சுவர் 40.

"ஒண்ணு," என்றார் சுடலைமணி அண்ணாச்சி. அவர் குரலில் இப்போது வேடிக்கை இல்லை.

"ரெண்டு."

"மூணு, இருக்கோம்."

"நாலு."

"அஞ்சு."

"ஆறு. நானும் பாப்பாவும்."

"ஏழு?"

"ஏழு?"

நடைபாதையில் ஆட்கள் ஓடுகிறார்கள். கடப்பாரையால் கதவை இடிக்கிறார்கள். அது காற்றழுத்தத்தையே தாங்கும் கதவு. அப்பா ஏற இன்னும் ஐந்து மணி நேரம்.

மணி 03:40. சுவர் 17.

இடிக்கும் சத்தம் நிற்கவில்லை. சுடலைமணி அண்ணாச்சியும் நிறுத்தவில்லை. "எட்டு? எட்டு இருக்கீகளா? ஒம்பது?" ஒவ்வொரு எண்ணுக்கும் பிறகு கொஞ்ச நேரம் விடுகிறார்.

பல்பில் கம்பி மட்டும் சிவப்பாகத் தெரிகிறது. சுவரில் உள்ளங்கையை வைத்தேன், அம்மா வைத்தது போல. ஜில்லென்று இருக்கிறது.

"பத்து?" என்றார்.

பாப்பா விழித்து அழத் தொடங்கியிருந்தாள். நான் பொத்தானை அழுத்தி, பெட்டியை அவள் வாய்ப்பக்கம் பிடித்தேன்.