மூச்சை நம்பி இறங்காதே

மாதா துணை

தூத்துக்குடி
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் ஜெனிஸுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம், அப்பாவின் வலது காதும் வீட்டுத் தண்ணீர் மோட்டாரும் மட்டும் நீங்கலாக. நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, வெயிலில் கறுத்துப் போனாலும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். போன் இருக்கும்போது இவளுக்கு என்ன கடுதாசி என்று நீ சிரிப்பாய். போனில் நான் எதையாவது சொன்னால் சரிம்மா சரிம்மா என்று சொல்லிக்கொண்டே நீ வேறு எதையோ பார்ப்பாய், அது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. காகிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது. போன மாதம் அங்கே வேலையிடத்தில் பெரிய தொட்டிக்குள் இறங்கினதைப் பற்றி அப்பாவிடம் பெருமையாகச் சொன்னாயே, அன்றையிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம். காயல்பட்டினம் நவாஸ் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை அங்கே வர விமானம் ஏறுகிறான், நெத்திலிக் கருவாட்டோடு இதையும் அவன் கையில் கொடுத்து விடுகிறேன். கருவாட்டு வாடை அடித்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு முழுக்கப் படித்து முடி.

முதலில் வீட்டுச் செய்தி. உன் தங்கை ஷெரின் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டாள், பாஸ் ஆகிவிடுவேன் என்கிறாள், அவள் சொல்வதை நம்பி நான் யாருக்கும் லட்டு வாங்க மாட்டேன். சவேரியார்புரம் அத்தைக்கு முட்டு வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. கணவாய் விலை ஏறிப்போய் நம்மைப் போன்றவர்கள் சாளை மீனோடு நிறுத்திக்கொண்டோம். எனக்கு இறால் கம்பெனியில் வேலை எப்போதும் போலத்தான், ஐஸில் கை விறைக்கிறது என்று இப்போது உள்ளே ஒரு கையுறை வெளியே ஒரு கையுறை தருகிறார்கள். போன வாரம் அமோனியா கசிந்தால் எப்படி வெளியே ஓடுவது என்று பழக்கினார்கள். சைரன் அடித்ததும் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்து, காற்றுக்குக் குறுக்கே ஓட வேண்டுமாம். எல்லாரும் ஒழுங்காக ஓடினோம், இசக்கிசெல்வி மட்டும் பாதி வழியில் செருப்பை விட்டுவிட்டேன் என்று திரும்பி உள்ளே போய்விட்டாள். மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். புதுச் செருப்பு சார் என்கிறாள்.

அப்பாவுக்கும் நேசக்குமார் மாமாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்ததை ஷெரின் உன்னிடம் உளறியிருப்பாள். ஏன் என்று அவளும் சொல்லியிருக்க மாட்டாள், தூரத்தில் இருக்கிற பிள்ளை பதறுமே என்று நான்தான் எல்லார் வாயையும் கட்டி வைத்திருந்தேன். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது, அதனால் நிதானமாகப் படி. ஈஸ்டருக்கு முந்தின வாரம் துறைமுகத்துக்கு வெட்டின மரத்தடிகள் ஏற்றிய கப்பல் ஒன்று வந்தது. அப்பாவும் மாமாவும் ஒரே கேங்கில் வேலை செய்தார்கள். மதியத்துக்கு மேல் திடீரென்று மழை பிடித்துக்கொள்ள, சரக்கு அறையின் பெரிய மூடியை மூடிவிட்டு எல்லாரும் ஒதுங்கி நின்றிருக்கிறார்கள். மழை விட்டதும் மூடியைத் திறந்து, உள்ளே காற்றோட விட்டு, காற்றை அளக்கிற மீட்டரை இறக்கிப் பார்த்த பிறகுதான் ஆள் இறங்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆள் இறங்குவதற்குத் தனியாக இருக்கிற சின்ன ஏணி வாசலில் ஒருவர் நின்று போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், என்ன நடந்தாலும் அவர் மட்டும் உள்ளே இறங்கக் கூடாது. அன்றைக்கு அந்த வேலை மாமாவுக்கு. கேங்கில் இன்னொருவர் மாப்பிள்ளையூரணி அய்யாக்குட்டி, நல்ல மனிதர், அவசரக்காரர். கீழே விட்டு வந்த கொக்கியை எடுக்க வேண்டும் என்று பெரிய மூடி திறக்கும் முன்னாலேயே ஏணி வாசலுக்குள் காலை விட்டிருக்கிறார். மாமா வேண்டாம் என்று கத்த, காலையில பூரா உள்ளதான கெடந்தோம், இப்ப என்ன புதுசா, இந்தா வந்துருதேன் என்று சொல்லிக்கொண்டே இறங்கிவிட்டார். ஏணியின் முதல் தட்டுக்குப் போனவர் அப்படியே சரிந்துவிட்டார், சத்தம்கூட வரவில்லையாம். மரத்தடி மூடிய அறைக்குள் கிடந்தால் நாம் மூச்சு விடுகிற காற்றை அது தின்றுவிடுமாம். வாடை கிடையாது, கண் எரியாது, ஒன்றும் தெரியாது, ஆள் விழுந்த பிறகுதான் தெரியும்.

மாமா உடனே வாக்கி டாக்கியில் சொல்லிவிட்டார், பெரிய மூடியையும் திறக்கச் சொன்னார். சத்தம் கேட்டு அப்பா ஓடி வந்தார். வந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? ஹெல்மெட்டைக் கழற்றி ஓரமாக வைத்தார், சட்டையைக் கழற்றினார், வாசல் ஓரத்தில் நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து இழுத்து விட ஆரம்பித்தார். சங்கு குளிக்கப் போகிறவர் படகில் இருந்து செய்வதை அப்படியே கப்பல் தளத்தில் செய்திருக்கிறார். மூச்சை அடக்கி இறங்கி, அய்யாக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி வந்துவிடலாம் என்பது அவர் நினைப்பு. வேறு ஊர்க்காரனுக்கு இந்தப் புத்தி வந்திருக்காது, பயந்து நின்றிருப்பான். இளவட்ட வயதெல்லாம் கடலடியில் மூச்சைப் பிடித்தே கழித்தவருக்குத்தான் காற்று இல்லாத இடம் என்றால் மாமியார் வீடு மாதிரி. மாமா பின்னால் வந்து இடுப்பைக் கட்டிப் பிடித்துத் தளத்தில் சாய்த்துவிட்டார். அப்பா முழங்கையால் ஒரு இடி இடித்ததில் மாமாவின் முன்பல் போய்விட்டது. அப்படியும் விடாமல் அவர் நெஞ்சின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார், வாயில் ரத்தம் ஒழுக ஒழுக. அதற்குள் முதுகில் சிலிண்டர் கட்டி முகமூடி போட்ட இரண்டு பேர் வந்து இறங்கி அய்யாக்குட்டியைக் கயிறு கட்டித் தூக்கிவிட்டார்கள். தட்டிலேயே விழுந்ததால் பிழைத்தார், அடியில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. ஆஸ்பத்திரியில் கிடந்து இப்போது வீட்டில்தான் இருக்கிறார், தலைவலிதான் விட்டபாடில்லை.

ஆள் பிழைத்ததற்குச் சந்தோஷப்படாமல் அப்பா வீட்டுக்கு வந்து குதித்தார் பார். ஏளா, ஒருத்தன் அடியில கெடக்கான், ஒன் தம்பி எம் மேல ஏறி உக்காந்து வேடிக்கை பாக்கான், கடல்ல இப்படி ஒருத்தன விட்டுட்டு வந்தா ஊர்ல தல காட்ட முடியுமா என்று சத்தம் போட்டார். தெருவிலும் அதே பேச்சு, நேசக்குமார் பயந்தாங்கொள்ளி என்று. ஈஸ்டருக்கு அவர்கள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை, நான் ஷெரினிடம் கொடுத்து விட்ட கறிக்குழம்பும் மூடி திறக்காமல் திரும்பி வந்தது. இரண்டு பக்கமும் என் ஆட்கள், யாரைத் திட்டுவது என்று தெரியாமல் இரண்டு பேரையும் திட்டினேன். துறைமுகத்தில் பாதுகாப்பு அதிகாரி ரம்யா என்று ஒரு பெண் இருக்கிறது, எல்லாரையும் கூட்டி வைத்து, இப்படி விழுந்தவரைக் காப்பாற்றப் போய்ச் செத்தவர்கள்தான் அதிகம் என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறது. அப்பா கேட்காத காதை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

இந்த நேரம் பார்த்துத்தான் நீ போன் பண்ணினாய். மீட்டர் கத்திக்கொண்டிருந்த தொட்டிக்குள் டார்ச் லைட் விழுந்துவிட்டது, முகமூடி மாட்ட நேரமாகும் என்று மூச்சை அடக்கி இறங்கி எடுத்து வந்துவிட்டேன், சூப்பர்வைசருக்குத் தெரியவே தெரியாது என்றாய். அப்பா ஸ்பீக்கரில் போட்டு வைத்துக்கொண்டு எம் மவம்லா என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். நான் அடுப்படியில் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். இவரைப் பிடிக்க இங்கே என் தம்பி இருந்தான், அங்கே என் பிள்ளையை யார் பிடிப்பார் என்றுதான் திரும்பத் திரும்ப வந்தது. அப்பாவிடம் சொன்னேன், எரிந்து விழுந்தார். உன்னிடம் சொன்னால் நீ அப்பா பக்கம் பேசுவாய். யாரிடமும் சொல்லாமல் மாதாவிடம் போய் அழுதேன்.

பிறகு ஒருநாள் அய்யாக்குட்டியின் மனைவி சீனித்தாய் ஒரு பை நிறைய நுங்கோடு வீட்டுக்கு வந்தாள். அப்பா அவளிடமும் ஆரம்பித்துவிட்டார், என்னய விட்டுருந்தா அப்பவே ஒம் புருசனத் தூக்கியிருப்பேன் தாயி என்று. அவள் கோபப்படவில்லை, சத்தமும் போடவில்லை. அண்ணாச்சி, முகமூடி போட்டவிய ரெண்டே பேருதான் வந்தாவ, நீங்களும் உள்ள கெடந்திருந்தா அவிய மொதல்ல யாரத் தூக்கியிருப்பாவ, உங்களயா எங்க வீட்டுக்காரரயா என்று கேட்டாள். அப்பா மோட்டாரைப் பார்க்கிறேன் என்று எழுந்து போனார். அவள் காப்பியைக் குடித்துவிட்டு என்னிடம் சொல்லிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் நான் கம்பெனியிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டேன். வந்து பார்த்தால் உன் அப்பா அரிசிச் சிப்பத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மொட்டை மாடிப் படியில் ஏறுகிறார். கன்னம் உப்பியிருக்கிறது, கண் பிதுங்குகிறது. அரிசிக்கு மாடியில் என்ன வேலை என்று கேட்க வாயெடுத்தேன், அப்புறம்தான் விளங்கியது, மூச்சை அடக்கிக்கொண்டு ஏறிப் பார்க்கிறார். பாதிப் படிகூடத் தாண்டவில்லை, ஹா என்று வாயைப் பிளந்து மூச்சை இழுத்துவிட்டார். சிப்பத்தை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார். அய்யாக்குட்டி அந்தச் சிப்பத்தைப் போல மூன்று மடங்கு இருப்பார். பாத்துட்டியா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். தண்ணிக்குள்ள உடம்பு தானா மேல வந்துரும்ளா, இங்கன நாமதான் தூக்கிட்டு ஏறணும், அது எனக்குத் தோணாமப் போச்சே என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சிரிக்கவில்லை, தண்ணீர் மட்டும் கொண்டுவந்து கொடுத்தேன்.

சாயங்காலமே சட்டையை மாட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குக் கிளம்பினார், நானும் பின்னாலேயே போனேன், மறுபடியும் பல் எதுவும் போய்விடக் கூடாதே என்று. முத்துக்குளித்த காலத்திலிருந்து நம் ஆட்கள் கடலில் இறங்கும்போது கயிற்றை மனைவியின் அண்ணன் தம்பி கையில்தான் கொடுப்பார்கள், வேறு யாரையும் நம்ப மாட்டார்கள், கூடப் பிறந்தவள் தாலியை அவன் விட்டுவிட மாட்டான் என்று. அப்பா சங்கு குளித்த காலம் முழுவதும் படகில் கயிறு பிடித்தது நேசக்குமார் மாமாதான். ஒரு நாளும் மாமா தண்ணீரில் குதித்ததில்லை, குதித்தால் கயிறு யார் கையில் இருக்கும்? வாசலில் நின்றபடியே அப்பா, மாப்ள, அன்னைக்கும் நீ கயித்தத்தான் பிடிச்சிருக்க, எனக்குத்தான் புரியல என்றார். மாமா ஓட்டைப் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே, அதெல்லாம் இருக்கட்டும் அத்தான், பல்லு எப்பக் கட்டித் தருவிய என்றார். அதோடு சரி. ராத்திரிச் சாப்பாடு அங்கேதான்.

அன்றைக்கு உன்னிடம் சிரித்ததை அப்பா திரும்ப வாங்கிக்கொள்கிறாராம். அவருக்குச் சொல்ல வாய் வரவில்லை, நீயே எழுது என்று பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மீட்டர் கத்துகிற தொட்டிக்குள் டார்ச் கிடந்தால் கிடக்கட்டும், தங்கமே கிடந்தாலும் கிடக்கட்டும். முகமூடி மாட்ட நேரமானால் ஆகட்டும். கூட வேலை பார்க்கிறவன் கண் முன்னால் விழுந்தாலும் கத்து, மணியை அடி, ஆளைக் கூப்பிடு, நீ இறங்காதே. அது கஷ்டம் என்று எனக்குத் தெரியும், மாமா முகத்தை நான் பார்த்தேன். யாராவது உன்னைக் கோழை என்றால் சொல்லிவிட்டுப் போகட்டும், அந்தக் கோழைக்கு நான் ஆயுசு முழுவதும் சோறு போடுகிறேன்.

மாதா உனக்கு நீண்ட ஆயுசும் நல்ல புத்தியும் தரட்டும் எய்யா, அவள் மேலாடை உன்னை மூடியிருக்கட்டும். மாதா கோவில் திருவிழாக் கொடியேற்றத்துக்கு வர லீவு கேட்டு வை. இன்னும் ஒன்றே ஒன்று. உனக்குக் கல்யாணம் ஆகவில்லை, கயிறு பிடிக்க மச்சான் இல்லை. ஆனாலும் நீ தொட்டிக்குள் இருக்கும்போது வாசலில் ஒருவன் உட்கார்ந்து உன்னையே பார்த்துக்கொண்டிருப்பான் இல்லையா, அவன் நேபாளியோ வங்காளியோ, எந்தச் சாமியைக் கும்பிடுகிறவனோ, அவன் பெயர் எனக்கு வேண்டும். மறக்காமல் எழுதி அனுப்பு, எப்படிச் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்து எழுது. இனி தினமும் ஜெபமாலை சொல்லும்போது அவன் பெயரை முதலில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் உன் பெயரைச் சொல்லுவேன்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா
சலேத் மேரி